டர்போ 350: வீட்டுக் கராஜில் ஓவர்ஹால்

1969 மாடல் கார்களோடு அமெரிக்கச் சாலைகளுக்கு வந்தது டர்போ ஹைட்ராமேட்டிக் 350. ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவ்ரலே, பியூக் பிரிவுகள் சேர்ந்து உருவாக்கிய மூன்று கியர் ஆட்டோமேட்டிக் இது. நோவா, கமாரோ, ஷெவெல், பிக்கப் வண்டிகள் என்று 1980-களின் நடுப்பகுதி வரை லட்சக்கணக்கான வண்டிகளுக்கு அடியில் உட்கார்ந்து உழைத்தது. உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகியும் இதற்கான கிளட்ச் பிளேட்டும் சீல் செட்டும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவில் பழைய கார் வைத்திருப்பவர்கள் முதன்முதலாக ஓர் ஆட்டோமேட்டிக்கைத் தாங்களே பிரித்துப் பார்க்கத் துணியும்போது, பெரும்பாலும் இந்தக் கியர்பாக்ஸில்தான் கை வைக்கிறார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. இதில் கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. எப்போது கியர் மாற வேண்டும் என்பதை எண்ணெய் அழுத்தமும் ஸ்பிரிங்குகளும் எஞ்சினிலிருந்து வரும் வேக்குவமும் முடிவு செய்கின்றன. உள்ளே நான்கு கிளட்ச், ஒரு பேண்டு, ஒரே திசையில் மட்டும் சுழல விடும் இரண்டு ரோலர் கிளட்ச், ஒரு கிரக கியர் தொகுதி இருக்கும். வேலையைத் தொடங்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

கூடவே ஒரு கையேடு வேண்டும். அந்த ஆண்டுக்குரிய ஷெவ்ரலே சர்வீஸ் மேனுவல், அல்லது ரான் செஷன்ஸ் எழுதிய டர்போ 350 கைநூல் பெஞ்சு மேல் திறந்தே இருக்கட்டும். இந்த அத்தியாயம் வேலையின் வரிசையையும், முதல் தடவை செய்பவர்கள் தடுக்கி விழும் இடங்களையும் சொல்கிறது. ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் உரிய அளவைக் கையேட்டைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

உங்களிடம் இருப்பது 350 தானா?

பார்ட்ஸ் வாங்குவதற்கு முன் வண்டிக்கு அடியில் ஒரு முறை பாருங்கள். 350-இன் ஆயில் பேன் கிட்டத்தட்ட சதுரமாக, ஒரு மூலை மட்டும் வெட்டிவிட்டதுபோல் இருக்கும், 13 போல்ட். கிக்டவுன் ஒரு கேபிள் வழியாக நடக்கும். இதன் அண்ணன் டர்போ 400-இல் பேன் ஒழுங்கற்ற வடிவத்தில் நீண்டிருக்கும். கிக்டவுன் மின்சார ஒயர் வழியாக நடக்கும். கடைசி ஆண்டுகளில் கன்வெர்ட்டர் லாக்கப் சேர்த்து 350சி என்ற வகை வந்தது. அதன் பம்ப்பும் கன்வெர்ட்டரும் வேறு. இரண்டையும் கலந்து பூட்டக்கூடாது.

கழற்றுவதற்கு முன்: எது போனது, ஏன் போனது?

வீட்டு ஓவர்ஹால்கள் அதிகம் தோற்பது இந்த இடத்தில்தான். கருகிய பிளேட்டை எடுத்துவிட்டுப் புது பிளேட் போடுவது எளிது. அது ஏன் கருகியது என்று கண்டுபிடிக்காமல் போட்டால் புதியதும் அதே வழியில் கருகும். எனவே வண்டி கொஞ்சமாவது நகரும் நிலையில் இருக்கும்போதே ஓட்டிப் பாருங்கள். எந்தக் கியரில் வழுக்குகிறது என்பதே உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று சொல்லிவிடும்.

முதல் கியரில் ஃபார்வர்டு கிளட்ச்சும் லோ ரோலர் கிளட்ச்சும் வேலை செய்கின்றன. இரண்டாவதில் இன்டர்மீடியட் கிளட்ச் சேருகிறது. மூன்றாவதில் டைரக்ட் கிளட்ச் சேருகிறது. ரிவர்ஸில் டைரக்ட் கிளட்ச்சும் லோ-ரிவர்ஸ் கிளட்ச்சும் மட்டும். இதை ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஓட்டினால் போதும்:

• முன்னால் போகவே இல்லை, ரிவர்ஸ் நன்றாக இருக்கிறது என்றால் ஃபார்வர்டு கிளட்ச்.

• மூன்றாவதும் இல்லை, ரிவர்ஸும் இல்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான டைரக்ட் கிளட்ச்.

• டிரைவில் முதல் கியர் வழுக்குகிறது, லிவரை L-இல் வைத்தால் பிடிக்கிறது என்றால் லோ ரோலர் கிளட்ச்.

• ரிவர்ஸ் இல்லை, L-இல் இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கும் கிடைக்கவில்லை என்றால் லோ-ரிவர்ஸ் கிளட்ச்.

• நியூட்ரலில் வைத்தாலும் வண்டி முன்னால் நகர்கிறது என்றால் ஃபார்வர்டு கிளட்ச்சின் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். செலக்டர் லிங்க்கேஜ் சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்து, கியர்பாக்ஸை இறக்காமலே தீரக்கூடிய கோளாறுகள். பாக்ஸின் வலப்பக்கம் சின்ன டப்பாபோல் ஒன்று பொருத்தியிருக்கும். அதுதான் வேக்குவம் மாடுலேட்டர். எஞ்சின் எவ்வளவு சுமையில் இருக்கிறது என்பதை அது கியர்பாக்ஸுக்குத் தெரிவிக்கிறது. அதற்கு வரும் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் கியர் தாமதமாக, அடித்தாற்போல் மாறும். குழாயைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பு எண்ணெய் இருந்தால் மாடுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்துவிட்டது என்று பொருள். கியர்பாக்ஸ் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கிறது. சைலன்சரில் வெள்ளைப் புகையும், எங்கும் ஒழுகாமலே எண்ணெய் குறைவதும் இதன் அடையாளம். ஒரு போல்ட்டைக் கழற்றி மாடுலேட்டரை மாற்றினால் முடிகிற இந்த வேலைக்காக முழுப் பாக்ஸையும் பிரித்தவர்கள் உண்டு. கியர் மேலேறவே இல்லை என்றால், வண்டியின் வேகத்தைக் கியர்பாக்ஸுக்குத் தெரிவிக்கும் கவர்னரைப் பாருங்கள். வெளியிலிருந்தே ஒரு மூடியைத் திறந்து எடுத்துவிடலாம். அழுக்கில் சிக்கியிருந்தால் கழுவித் திரும்பப் போட்டாலே சரியாகிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, எண்ணெய் மட்டும் கறுத்து, கருகிய வாடை அடித்து, பேனில் கருப்புத் தூள் படிந்திருந்தால், இறக்க வேண்டியதுதான்.

உயிருக்கும் கைக்கும்

இந்தக் கியர்பாக்ஸ் எண்ணெய் இல்லாமலே சுமார் 55 கிலோ. கன்வெர்ட்டரும் மிச்ச எண்ணெயும் அதற்கு மேல். மல்லாந்து படுத்திருப்பவரின் நெஞ்சுக்கு நேர் மேலே இருக்கும் எடை இது.

காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். சமமான கான்கிரீட் தரையில், எடைக்கு ஏற்ற நான்கு ஸ்டாண்டுகள் மேல் நிறுத்தி, தோள் கொடுத்து உலுக்கிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி நிறுத்துங்கள். ஹாலோ பிளாக் கற்கள் கார் எடையில் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். அவற்றைத் தொடவே வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள். டிரான்ஸ்மிஷன் ஜாக்கியை வாடகைக்கு எடுங்கள், அதன் சங்கிலியைக் கட்டாயம் மாட்டுங்கள். இறக்கும் நேரத்திலும் ஏற்றும் நேரத்திலும் இரண்டாவது ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பெஞ்சில் வேலை செய்யும்போது கண்ணாடி அணிந்தே இருங்கள். அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கும் சர்க்ளிப்பும் தெறித்தால் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். பாகங்களைப் பெட்ரோலில் கழுவாதீர்கள். மூடிய கராஜில் வாட்டர் ஹீட்டரின் சுடர் ஒன்று போதும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த பாகத்தில் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். பழைய கிளட்ச் பிளேட்டுகளில் கல்நார் இருக்கலாம். தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்தோடு துடைத்தெடுங்கள்.

இறக்குதல்

1. எண்ணெயை வடியுங்கள். பேனில் வடிகால் திருகு இல்லையென்றால் பின்பக்க போல்ட்டுகளை முழுதும், முன்பக்கத்தை அரைகுறையாகவும் தளர்த்திச் சாய்த்து வடியுங்கள்.

2. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியலும் சேரும் இடத்தில் பெயின்ட் கோடு போட்டுக்கொண்டு கழற்றுங்கள். திரும்ப அதே நிலையில் மாட்டாவிட்டால் வேகத்தில் அதிர்வு வரும்.

3. ஸ்பீடோ கேபிள், கிக்டவுன் கேபிள், வேக்குவம் குழாய், செலக்டர் லிங்க்கேஜ், கூலர் குழாய்கள் ஆகியவற்றை வரிசையாகக் கழற்றி, ஒவ்வொன்றிலும் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். கூலர் குழாயின் நட்டைத் திருப்பும்போது பாக்ஸில் உள்ள பொருத்தியை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குழாய் முறுக்கிக்கொண்டு உடையும்.

4. கீழ் மூடியைத் திறந்து, எஞ்சினைக் கையால் சுற்றி, கன்வெர்ட்டரை ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு பிடித்திருக்கும் மூன்று போல்ட்டுகளைக் கழற்றுங்கள்.

5. எஞ்சினின் பின்பகுதிக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஒரு ஜாக்கி கொடுங்கள். பின் மவுண்டையும் கிராஸ் மெம்பரையும் எடுங்கள்.

6. பெல் ஹவுசிங் போல்ட்டுகளைக் கழற்றி, பாக்ஸைப் பின்னால் இழுத்து இறக்குங்கள். கன்வெர்ட்டர் முன்னால் நழுவி விழாமல் ஒரு இரும்புப் பட்டையை பெல் ஹவுசிங்கின் குறுக்கே போல்ட் போட்டு வையுங்கள்.

ஆறாவது படிக்கு முன் ஒரு விஷயம். பின் மவுண்ட் இல்லாதபோது எஞ்சின் பின்னால் சாய்கிறது. ஷெவ்ரலே வி8-இல் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்முனையில் இருப்பதால் அதன் மூடி ஃபயர்வாலில் இடித்து உடையும். ஐந்து நிமிடம் செலவழித்து மூடியை முன்பே கழற்றி வைத்தால் அந்தச் செலவு இல்லை.

பாக்ஸ் கீழே வந்ததும் எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலைப் பாருங்கள். அங்கே ஒழுகல் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். ஃப்ளெக்ஸ் பிளேட்டில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரித்தல்

முதலில் வெளிப்புறத்தை முழுதாகக் கழுவுங்கள். உள்ளே மணல் துகள் போனால் அது வால்வ் பாடியில் போய்தான் நிற்கும்.

பெஞ்சில் ஷாஃப்ட் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, பெல் ஹவுசிங் மேலே பார்க்க பாக்ஸை நட்டு நிறுத்தினால் வேலை பாதியாகும். பழைய டயரின் நடுவில் நிறுத்துபவர்களும் உண்டு. கையில் கைபேசி கேமரா இருக்கட்டும். ஒவ்வொரு பாகத்தையும் எடுப்பதற்கு முன் ஒரு படம், எடுத்த பின் ஒரு படம். எடுத்த பாகங்களை நீளமான அட்டை மேல், எந்த முகம் மேலே பார்த்ததோ அந்த முகம் மேலே இருக்க, வந்த வரிசையிலேயே அடுக்குங்கள். மஃபின் சுடும் தட்டுகளின் குழிகளில் வாஷர்களைப் பிரித்து வைப்பது அமெரிக்க வீட்டு மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். அதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை.

வரிசை இதுதான். முதலில் கவர்னர், மாடுலேட்டர், பின் ஹவுசிங். அடுத்து பாக்ஸைக் கவிழ்த்து ஆயில் பேன், ஃபில்டர், வால்வ் பாடி. வால்வ் பாடியைத் தூக்கும்போது சிறு எஃகுக் குண்டுகள் கண்ணில் படும். ஃபேக்டரியிலிருந்து வந்தபடி நான்கு இருக்கும். எந்தக் குண்டு எந்தக் குழியில் இருந்தது என்பதைத் தொடுவதற்கு முன்பே படமெடுங்கள். முன்பே யாராவது ஷிஃப்ட் கிட் போட்டிருந்தால் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். அது தவறு அல்ல. அந்தக் கிட்டின் முறைப்படி சில குண்டுகள் எடுக்கப்பட்டிருக்கும்.

இப்போது பம்ப்பைத் தொடுவதற்கு முன் ஒரு அளவு எடுக்க வேண்டும். இன்புட் ஷாஃப்ட் முனையில் டயல் கேஜ் வைத்து, ஷாஃப்ட்டை மேலும் கீழும் அசைத்து எண்ட் பிளே எவ்வளவு என்று எழுதி வையுங்கள். முன்பாதியின் தேய்மானம் எல்லாம் இந்த ஒரே எண்ணில் தெரியும். திரும்பப் பூட்டும்போது எந்தத் தடிமன் வாஷர் போடுவது என்பதை முடிவு செய்வதும் இதுவே. பிரித்துவிட்ட பிறகு இந்த அளவை எடுக்க வழியில்லை.

பம்ப்பின் எட்டு போல்ட்டுகளையும் கழற்றி, அதற்கென்று உள்ள இரண்டு மறைத்துளைகளில் ஸ்லைடு ஹேமர் திருகி, இரு பக்கமும் மாறி மாறி இழுத்தால் பம்ப் மேலே வரும். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீர்கள். அலுமினியத்தில் விழும் கீறல் எண்ணெய் ஒழுகும் வழியாகிவிடும். அதன்பின் இன்டர்மீடியட் பிளேட்டுகள், பேண்டு, டைரக்ட் டிரம், ஃபார்வர்டு டிரம், இன்புட் ரிங் கியர். அவுட்புட் ஷாஃப்ட் மேல் உள்ள சின்ன சர்க்ளிப்பை எடுத்தால் அவுட்புட் கேரியரும் சன் கியர் ஷெல்லும் வந்துவிடும். அடியில் லோ ரோலர் சப்போர்ட், லோ-ரிவர்ஸ் பிளேட்டுகள், ரியாக்‌ஷன் கேரியர், கடைசியாக அவுட்புட் ஷாஃப்ட்.

மிச்சம் இருப்பது கேஸின் ஆழத்தில் உள்ள லோ-ரிவர்ஸ் பிஸ்டன். நிறைய சிறு ஸ்பிரிங்குகள் ஒரு தட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். கையால் அழுத்தி சர்க்ளிப்பை எடுக்க முடியாது. நீள மறை போட்ட கம்பி, இரண்டு தடித்த பட்டைகள், நட் ஆகியவற்றை வைத்து கேஸுக்கு ஊடாகப் போட்டு இறுக்கினால் தட்டு மெதுவாக இறங்கும். சிலர் இது கஷ்டம் என்று இந்தப் பிஸ்டனின் சீல்களை மட்டும் பழையதாகவே விட்டுவிடுகிறார்கள். அரை நூற்றாண்டு பழைய ரப்பர் அது. முழு ஓவர்ஹால் முடிந்து ஒரே மாதத்தில் ரிவர்ஸ் போய்விட்டது என்று வருபவர்களின் வண்டியில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பார்த்தல்

ஒவ்வொரு பிளேட்டும் ஒரு சாட்சி. ஒரு டிரம்மில் மட்டும் பிளேட்டுகள் கருகி, மற்றவை நன்றாக இருந்தால் அந்த டிரம்மின் சீல் அல்லது பிஸ்டன் அழுத்தம் இழந்திருக்கிறது; சீல் வெட்டுப்பட்டிருக்கிறதா, பிஸ்டனில் விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். எல்லா டிரம்மிலும் சேர்ந்து கருகியிருந்தால் பொதுக் காரணம் இருக்கும்: எண்ணெய் குறைவு, அடைத்த ஃபில்டர், தேய்ந்த பம்ப், கெட்ட மாடுலேட்டர். எஃகுத் தட்டுகளில் நீலம் பூத்திருந்தால் வெப்பத்தில் போனவை, தூக்கிப் போடுங்கள். ரோலர் கிளட்ச்சின் பாதையில் விரல் நகத்தை ஓட்டினால் குழி தட்டக்கூடாது. புஷ்களில் செம்பு நிறம் வெளியே தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

பம்ப்பின் கியர்களை எடுக்கும் முன் எந்த முகம் மேலே இருந்தது என்று மார்க்கரால் குறியிடுங்கள். தலைகீழாகப் போட்டால் கன்வெர்ட்டர் முழுதாக உட்காராது.

கருகிய பாக்ஸின் பழைய கன்வெர்ட்டரை மீண்டும் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். பற்றவைத்து மூடிய கூடு அது; உள்ளே போன தூளைக் கழுவி எடுக்க முடியாது. கூலரிலும் அந்தத் தூள் தங்கும், ஆனால் அதைக் கழுவலாம். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் பாதையில் ஃப்ளஷ் திரவம் விட்டு, இரு திசையிலும் தெளிவாக வரும்வரை தள்ளுங்கள். பழைய தூளைப் புது பிளேட்டுக்குள் அனுப்புவது இந்த இரண்டு பாகங்கள்தான்.

பூட்டுதல்

புது கிளட்ச் பிளேட்டுகளை முதல் நாள் இரவே டிரான்ஸ்மிஷன் எண்ணெயில் ஊறப் போடுங்கள். குறைந்தது அரை மணி நேரமாவது ஊற வேண்டும். வறண்ட பிளேட் முதல் தடவை பிடிக்கும்போதே கருகும்.

பட்டறைகளில் கை துடைக்கும் காட்டன் வேஸ்ட் இந்த வேலைக்கு ஆகாது. ஒரே ஒரு நூல் வால்வை நிறுத்திவிடும். நூல் உதிராத பேப்பர் டவல் வையுங்கள், கழுவிய பாகங்களைக் காற்றால் உலர்த்துங்கள். வாஷர்களை இடத்தில் ஒட்ட வைக்க வாசலின் போதும். எண்ணெய் சூடானதும் அது கரைந்து கலந்துவிடும். வீல் பேரிங் கிரீஸ் கரையாது. சிறு துளைகளை அடைக்கும்.

1. லோ-ரிவர்ஸ் பிஸ்டன். சீல்களில் எண்ணெய் தடவி, உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்க்கப் போடுங்கள்.

2. பிரித்த வரிசைக்கு நேர் எதிராக அவுட்புட் ஷாஃப்ட்டிலிருந்து மேலே வாருங்கள். லோ ரோலர் சப்போர்ட்டின் ஓரத்தில் சத்தத்தைத் தடுக்க ஒரு சிறு ஸ்பிரிங் உண்டு, மறக்கக்கூடாது.

3. டிரம்களைப் பெஞ்சில் தனியாகக் கட்டுங்கள். பிஸ்டனை இறக்கும்போது சீலின் உதடு மடங்காமல் மெல்லிய ஃபீலர் கேஜ் தகட்டைச் சுற்றிலும் ஓட்டி உள்ளே தள்ளுங்கள். அவசரமாகக் கைப்பலத்தால் தள்ளினால் உதடு வெட்டுப்படும். வெளியே ஒன்றும் தெரியாது. வண்டி ஓடும்போதுதான் தெரியும்.

4. பிளேட்டுகளைப் போட்டு சர்க்ளிப் மாட்டியதும் ஃபீலர் கேஜால் இடைவெளியைப் பாருங்கள். ஒரு கிளட்ச் பிளேட்டுக்கு சுமார் 0.010 அங்குலம் என்பது தொழிலில் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. கையேட்டில் அந்தந்த டிரம்முக்கு உரிய அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

5. ஒவ்வொரு டிரம்முக்கும் 30 முதல் 40 பிஎஸ்ஐ காற்றை எண்ணெய்த் துளை வழியாக விடுங்கள். பிஸ்டன் 'டப்' என்று அடித்து, காற்றை எடுத்ததும் திரும்ப வேண்டும். சீறல் மட்டும் வந்தால் சீல் பிடிக்கவில்லை. பிரித்து மறுபடி போடுங்கள்.

6. ஃபார்வர்டு டிரம்மையும் டைரக்ட் டிரம்மையும் இறக்குங்கள்.

இந்த ஆறாவது படிக்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்கினாலும் தவறில்லை. ஒரு டிரம் இன்னொன்றின் மேல் உட்காரும்போது அதற்குள் உள்ள ஒவ்வொரு பிளேட்டின் பல்லும் தனித்தனியாக ஹப்பின் பல்லில் விழ வேண்டும். மெதுவாக இடமும் வலமும் சுழற்றினால் ஒவ்வொரு பிளேட்டும் ஒரு படி இறங்குவது கையில் தெரியும், எண்ணிக்கொண்டே வாருங்கள். நான்கு பிளேட் போட்ட டிரம் மூன்று தடவை மட்டும் இறங்கியிருந்தால் வேலை முடியவில்லை. முதல் தடவைக்காரர்கள் இங்கே பொறுமை இழக்கிறார்கள். கடைசி ஒரு பிளேட் உட்காராத நிலையில் பம்ப்பை வைத்து, போல்ட்டால் இழுத்து இறக்கினால் போல்ட் இறங்கும், பிளேட் மடியும். வண்டியை ஏற்றி எண்ணெய் ஊற்றிய பிறகே இது தெரியவரும்.

பம்ப்பை வைக்கும்போது தலை வெட்டிய இரண்டு நீள போல்ட்டுகளை வழிகாட்டிகளாகத் திருகி, கேஸ்கெட்டை அவற்றின் மேல் இறக்குங்கள். பம்ப் தன் எடையிலும் கையின் அழுத்தத்திலுமே இறங்கி உட்கார வேண்டும். அதன்பின் எட்டு போல்ட்டுகளையும் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சுழல்வது நின்றுவிட்டால் அங்கேயே நிறுத்திப் பம்ப்பை எடுங்கள். எல்லாம் இறுகிய பின் எண்ட் பிளேயை மறுபடி அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் வேறு தடிமன் வாஷரைப் போட வேண்டும்.

கடைசியாக, படத்தைப் பார்த்து எஃகுக் குண்டுகள், பிறகு வால்வ் பாடி, புது ஃபில்டர், பேன். பேன் போல்ட்டுகளுக்கு 12 பவுண்டு-அடி போதும். இதற்கு மேல் இறுக்கினால் பேனின் விளிம்பு வளைந்து, ஒழுகலை நிறுத்தப் போட்ட பலமே ஒழுகலுக்குக் காரணமாகும்.

ஏற்றுதல்: கன்வெர்ட்டரின் மூன்று இறக்கங்கள்

ஓவர்ஹால் முடித்த பாக்ஸைப் பத்தே நிமிடத்தில் கொல்லும் தவறு ஒன்று உண்டு. கன்வெர்ட்டரைப் பாதி உட்கார்ந்த நிலையில் எஞ்சினோடு போல்ட் போடுவதுதான் அது.

கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றி, கழுத்தில் எண்ணெய் தடவி, ஷாஃப்ட் மேல் ஏற்றுங்கள். தள்ளிக்கொண்டே சுழற்றுங்கள். இன்புட் ஷாஃப்ட்டின் பல்லில் ஒரு தடவை, ஸ்டேட்டர் ஷாஃப்ட்டின் பல்லில் ஒரு தடவை, கடைசியில் கழுத்தின் வெட்டுகள் பம்ப் கியரில் ஒரு தடவை என்று மூன்று முறை 'டொக்' என்று இறங்க வேண்டும். மூன்றாவதுதான் பலருக்குத் தவறுகிறது. அது விழாமல் பாக்ஸை ஏற்றினால் போல்ட்டுகள் இறுகும்போது கன்வெர்ட்டர் பம்ப்பை நசுக்கி உடைத்துவிடும்.

பாக்ஸை ஜாக்கியில் ஏற்றி, எஞ்சினின் இரண்டு டோவல் பின்களில் பொருத்துங்கள். பெல் ஹவுசிங் எஞ்சினோடு கையின் தள்ளலிலேயே முழுதாகச் சேர வேண்டும். அரை அங்குலம் இடைவெளி நின்று, அதை போல்ட்டால் இழுத்துச் சேர்க்கலாம் என்று தோன்றினால் இறக்கிவிட்டுக் கன்வெர்ட்டரை மறுபடி பாருங்கள். சேர்ந்த பின் கன்வெர்ட்டர் கையால் தடையின்றிச் சுழல வேண்டும். ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் இடையே அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு முதல் பதினாறில் மூன்று பங்கு வரை இடைவெளி இருக்க வேண்டும். பிறகு கன்வெர்ட்டரை முன்னால் இழுத்து மூன்று போல்ட்டுகளைப் போடுங்கள். பெல் ஹவுசிங்குக்கு 35 பவுண்டு-அடி.

கிக்டவுன் கேபிளை மாட்டும்போது ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கேபிளின் லாக்கைத் தள்ளிப் பூட்டட்டும். மாடுலேட்டருக்குப் புது வேக்குவம் குழாய் போடுங்கள். பழையதைத் திரும்ப மாட்டாதீர்கள்.

எண்ணெயும் முதல் ஓட்டமும்

வெறுமையான பாக்ஸும் கன்வெர்ட்டரும் சேர்ந்து ஒன்பது லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். டெக்ஸ்ரான் தர எண்ணெய்தான் வேண்டும். எஞ்சினை இயக்கும் முன் நான்கு லிட்டர் ஊற்றுங்கள். இயக்கியதும் கன்வெர்ட்டர் இழுத்துக்கொள்வதால் டிப்ஸ்டிக் உடனே காலியாகக் காட்டும். ஐடிலில் ஓடவிட்டே லிட்டர் லிட்டராகச் சேருங்கள். எஞ்சினை உறுமவிட்டுப் பார்க்காதீர்கள்.

பின்சக்கரங்கள் தரையைத் தொடாத நிலையில், பிரேக்கை மிதித்தபடி லிவரை ஒவ்வோர் இடத்திலும் சில விநாடி நிறுத்தி நகர்த்துங்கள். அடியில் இரண்டாவது ஆள் டார்ச் அடித்து ஒழுகலைப் பார்க்கட்டும். அவர் வண்டிக்கு அடியில் படுக்கக்கூடாது, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் போதும். காரை இறக்கிய பின், சமதளத்தில், எஞ்சின் ஓடும் நிலையில், லிவர் P-இல், எண்ணெய் சூடான பிறகுதான் கடைசி அளவைப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி ஊற்றினால் எண்ணெய் நுரைத்து அழுத்தம் குறையும்.

முதல் ஓட்டம் வீட்டுத் தெருவில், மெதுவாக. மூன்று கியரும் மாறுகிறதா, ரிவர்ஸ் உடனே பிடிக்கிறதா என்று பாருங்கள். எங்காவது வழுக்கினால் அங்கேயே நிறுத்தி, தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ வீட்டுக்கு வாருங்கள். 'கொஞ்சம் ஓடினால் சரியாகிவிடும்' என்று ஒரு மைல் ஓட்டினால் புது பிளேட்டுகள் போய்விடும்.

வடித்த பழைய எண்ணெயை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாமல் கேனில் பிடித்து வையுங்கள். அமெரிக்காவில் பல வண்டி உதிரிபாகக் கடைகளே அதைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன.

சுமார் 500 மைல் ஓடிய பின் பேனை ஒரு முறை இறக்குங்கள். அடியில் மெல்லிய சாம்பல் நிறப் படலம் மட்டும் இருந்தால் புது பிளேட்டுகள் ஒன்றோடொன்று பழகிய தூள்தான் அது; துடைத்துவிட்டு, புது ஃபில்டர் போட்டு மூடுங்கள். பித்தளைப் பொடியோ எஃகுச் சில்லோ மின்னினால் வண்டியை அன்றே நிறுத்துங்கள்.